வெள்ளைக்குட்டைப்பாளையத்தில் இறங்காத தட்டு

விமான நிலையத்தின் மதில் முடிகிற இடத்தில் வெள்ளைக்குட்டைப்பாளையம் தொடங்குகிறது. மதில் நகர்ந்தால் ஊரும் நகர வேண்டியதுதான், ஏற்கெனவே ஒரு தடவை நகர்ந்திருக்கிறது, அதனால் அங்கே யாராவது தரையைக் குனிந்து பார்த்தபடி நடந்தால், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று ஊர்க்காரர்கள் நினைப்பதில்லை, அளக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். முதலில் தொப்பி போட்டவர்கள் வந்து மேய்ச்சல் காட்டில் எண் எழுதிய கற்களை நட்டார்கள். பிறகு அந்த எண்கள் கீழ்வளவு வீடுகளின் கதவுகளுக்கு வந்தன. பிறகு கதவுகள் போயின, வீடுகள் போயின, அவை இருந்த இடத்தில் மதில் வந்து நின்றுகொண்டது. எண் போட்ட எதையும் மண்ணில் நிற்க விடக்கூடாது என்று ஊர் அப்போது முடிவு செய்தது.

ஆகையால், சாலைக்கு அப்பால் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் இளைஞர்கள் ஒரு சனிக்கிழமை வந்து, மிச்சமிருந்த மேய்ச்சல் காட்டில் அடி எண்ணி அடி எண்ணி நடந்து, இடுப்பு உயரத்தில் ஒரு கூடையும் அதற்கு மேலே குடைபோலத் தொங்கும் சங்கிலிகளுமாக ஒன்பது இரும்புக் கம்பங்களை நட்டு, ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் பலகையும் மாட்டிவிட்டுப் போனபோது, ஊர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த அமாவாசை விடிந்தபோது கம்பங்கள் இல்லை. யார் எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்ப்பதில்லை என்று பேசிக்கொண்டுதான் பிடுங்கினார்கள். கம்பெனி ஒரு புகார் கொடுத்தது. சில மாதங்களில் கம்பெனியே வேறு ஊருக்குப் போய்விட்டது. புகார் மட்டும் போலீஸ் ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது.

இரும்பை வீணாக்குகிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஒரு வீட்டுப் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், கூடைக்குள் கோழி அடைகாத்தது. ஒரு தையல்காரர் சங்கிலிக்கு ஒன்றாக ரவிக்கைகளைத் தொங்கவிட்டார். மயிலாத்தாள் என்பவள் தன் வீட்டுப் பின்கட்டில் கம்பத்தை நிறுத்தி, அதன் கூடை நிறையச் சின்ன வெங்காயம் கொட்டிவைத்தாள். நாலு பக்கமும் காற்றோட்டம் இருந்ததால் வெங்காயம் அழுகவே இல்லை. அவளுடைய கம்பத்தில் இருந்தது ஒன்றாம் எண்.

மயிலாத்தாளுக்கு ஒரே மகள், கோகிலவாணி. அவளுக்கு வனக்காவலர் வேலை கிடைத்திருந்தது. பரீட்சை முடிந்து, ஓட்டம் முடிந்து, மலைமேல் நடக்கிற பரிசோதனையும் முடிந்து, கடைசியாகப் போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. ஏட்டு மாசிலாமணி வந்து வீட்டைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து, வழக்கு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டால் வேலை உறுதி. திருட்டு என்று ஒரு சொல் விழுந்தால் எல்லாம் போயிற்று. ஏட்டு பங்குனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பொழுதோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

அதே செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் ஆட்டோ வந்து நின்று, அதிலிருந்து மலேசியாவின் ஈப்போ நகரைச் சேர்ந்த ரஞ்சிதமலர் என்ற பெண்மணி இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். வெயில் தொப்பி, கால்சட்டை, தோளில் ஒரு பை. ஒரு விமானத்தில் வந்து இறங்கி, ராத்திரி இன்னொரு விமானத்தில் ஏற வேண்டியவள். இப்படி நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால், நாற்காலியில் தூங்காமல், பக்கத்தில் எங்கே கம்பத்துக் கூடைக்குள் தட்டெறிகிற மைதானம் இருக்கிறது என்று போனில் தேடிப் போய் ஆடிவிட்டு வருவது அவள் பழக்கம். கம்பெனி போனாலும் போன் வரைபடத்தில் ஒன்பது கம்பங்களும் அப்படியே இருந்தன.

டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"இங்க ஒன்பது கம்பம் இருக்குன்னு காட்டுது. எந்தப் பக்கம் போகணும்?"

டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது.

"கம்பமுங்களா? கம்பமெல்லாம் இங்க இல்லீங்க" என்றார் கோவில் தர்மகர்த்தா நாட்ராயன்.

"சங்கிலி தொங்கும். கீழ கூடை இருக்கும்."

"சங்கிலியும் இல்லீங்க. இந்த ஊர்ல கூடையே இல்லீங்க" என்றார் அவர். அந்த நேரம் பார்த்துக் கூடை நிறையக் கீரையோடு ஒருத்தி குறுக்கே போனாள்.

"நீங்க எந்த ஆபீஸ்?" என்று தையல்காரர் கேட்டார்.

"ஆபீஸ் இல்ல லா. பல் டாக்டர்கிட்ட வேலை செய்யறேன்."

"பல் டாக்டருக்கு எதுக்குங்க கம்பம்?"

"டாக்டருக்கு இல்ல. எனக்குத்தான். விளையாட."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. தனியாத்தான்."

ஊர் நம்பாமல் போனது இந்த இடத்தில்தான். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை, விமானத்திலிருந்து இறங்கி, உறவுக்காரர் வீட்டுக்கும் போகாமல், கோவிலுக்கும் போகாமல், பங்குனி வெயிலில், தனியாக விளையாடுகிறாளாம்! பக்கத்து வீட்டுத் தெய்வானை, மயிலாத்தாளோடு வேலித் தகராறில் பல வருஷங்களாகப் பேச்சு இல்லாதவள், அன்றைக்கு அதையும் மறந்து, "ஜெயிச்சா என்ன குடுப்பாங்கன்னு கேளு" என்று மயிலாத்தாளின் முழங்கையை இடித்தாள்.

மயிலாத்தாள் கேட்டாள்.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"தோத்தா?"

"யாருகிட்டம்மா தோக்கறது?"

"பொய்" என்றாள் தெய்வானை, அடங்கிய குரலில். "அளக்கத்தான் வந்திருக்கா."

ரஞ்சிதமலர் மேய்ச்சல் காட்டுக்கு நடந்தாள். ஊர் பின்னாலேயே நடந்து வேலியோரம் நின்றது. கம்பம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அது இருந்த திசை போதும் என்று அவள் போனைப் பார்த்து ஒரு கல்லின்மேல் ஏறி நின்றாள். பையிலிருந்து செம்பருத்தி நிறத்தில் ஒரு தட்டை எடுத்தாள், சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது, விளிம்பு மட்டும் தடித்தது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, விட்டாள். தட்டு தாழப் பறந்து, கம்பம் இருந்த குழிக்கு நேர் மேலே போய், ஒரு கணம் தயங்கி, கம்பம் இல்லாததைக் கண்டு, கீழே விழாமல் இடப்பக்கம் திரும்பி ஊருக்குள் போனது.

போனது போனதுதான். பனைமர உயரத்தில், சுழன்றுகொண்டே, ஆட்டைத் தொலைத்தவர் நடக்கிற வேகத்தில், வீடு வீடாக அது போய்க்கொண்டிருந்தது. ரஞ்சிதமலர் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "விழுந்த இடத்துல இருந்துதான் நான் அடுத்த தடவை எறியணும்" என்றாள். "விழட்டும். நேரம் இருக்கு." வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தாள்.

தட்டு இறங்காததைப் பற்றி ஊரில் யாரும் வாய் பிளக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் யானை கனத்தில் எத்தனையோ பறக்கின்றன, ஒரு தட்டு பறப்பதில் என்ன இருக்கிறது? தாய்க்கோழிகள் முதல் சுற்றில் பருந்து என்று குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டன, இரண்டாவது சுற்றில் தலையைச் சாய்த்துப் பார்த்தன, மூன்றாவது சுற்றில் தங்கள் வேலையைப் பார்த்தன. வடகம் காயவைத்திருந்தவர்கள் தட்டின் நிழல் விழாத பக்கமாகப் பாயை நகர்த்திப் போட்டார்கள். தட்டு சுழலும்போது கிளம்பிய சிறு காற்று வேர்வைக்கு இதமாக இருப்பதாக டீக்கடைக்காரர் சொன்னார். தரையிறங்க வந்த விமானம் ஒன்று, வழியில் நிற்கிற மாட்டுக்கு ஒதுங்குவதுபோல, அதற்கு லேசாக ஒதுங்கிப் போனது.

ஊர் கவலைப்பட்டது வேறு ஒன்றுக்காக. அது எதைப் பார்க்கிறது?

கேமரா என்றார் தையல்காரர். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று மேலிருந்தே படித்துவிடும் என்றார் டீக்கடைக்காரர். உடனே கம்பம் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்காரரும், யாரும் சொல்லாமலே, பொடக்காலிக்கு ஓடினார்கள். ஒருவர் சாக்குப் போட்டு மூடினார். ஒருத்தி போர்வை போர்த்தினாள். தையல்காரர் ரவிக்கைகளுக்கு மேல் ஒரு வேட்டியைத் தொங்கவிட்டார். தட்டு வரும்போது மூடுவதும் போனதும் எட்டிப் பார்ப்பதுமாக இருந்ததில், எந்த வீட்டில் எது அவசரமாக மூடப்படுகிறது என்பதை அடுத்த வீடு பார்த்தது, அந்த வீட்டை அதற்கடுத்த வீடு பார்த்தது. ஓர் அமாவாசை முழுக்க யாரும் பார்க்காததை, உச்சி வேளைக்குள் எல்லோரும் எல்லோர் வீட்டிலும் பார்த்து முடித்தார்கள். அதற்குப் பிறகு, அந்த மலேசியாக்காரியைச் சந்தேகப்பட்டது போதாமல், ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். காட்டிக்கொடுத்தது யார்? யாரோ ஒருவர் சொல்லாமல், எங்கிருந்தோ வருகிறவளுக்கு ஒன்பது என்று எப்படித் தெரியும்?

வெயில் சாயத் தொடங்கியபோது தட்டு தன் வேகத்தைக் குறைத்தது. தர்மகர்த்தா வீட்டுக்கு மேல் இரண்டு சுற்று சுற்றியது. தெய்வானை வீட்டுக்கு மேல் நின்று யோசித்தது. பிறகு வேலியைத் தாண்டி, மயிலாத்தாள் வீட்டுப் பின்கட்டுக்கு நேர் மேலே வந்து, அங்கேயே நின்று சுழலத் தொடங்கியது. வேறெங்கும் போகவில்லை.

மயிலாத்தாள் வேப்பமரத்தடிக்கு ஓடினாள்.

"ஏனுங்க, அதைக் கூப்புடுங்க."

"கூப்பிட்டா வராதும்மா. கம்பத்துல விழுந்தாத்தான்."

"விழலீன்னா?"

"பொழுது சாய்ஞ்சா நான் ஏர்போர்ட்டுக்குப் போகணும். அது பாட்டுக்கு அங்கயே இருக்கும் போல."

"எத்தனை நாளைக்கு?"

ரஞ்சிதமலர் உதட்டைப் பிதுக்கினாள். தான் கொண்டுவந்த பிஸ்கட்டை நீட்டினாள். மயிலாத்தாள் அதை வாங்கி, முகர்ந்து பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள், தின்னவில்லை.

ஏட்டு வருவார், வீட்டைப் பார்க்குமுன் வீட்டுக்கு மேலே நிற்பதைப் பார்ப்பார், மேலே ஒரு தட்டு விரல் நீட்டியதுபோல நின்றால், போலீஸ்காரர் கீழே என்ன இருக்கிறது என்று தேடாமல் இருப்பாரா? வெங்காயத்தைக் கொட்டிவிட்டுக் கம்பத்தைக் கிணற்றில் போடலாமென்றால், தட்டு கிணற்றுக்கு மேலே போய் நிற்கும். காட்டில் கொண்டுபோய் நட்டுவிடலாமென்றால், ஊர் முன்னால் தான் ஒருத்திதான் திருடி. மகளைப் பார்த்தாள். கோகிலவாணி இஸ்திரி போட்ட சுடிதாரோடு, சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா பண்ணப் போறே?" என்று கேட்டாள்.

மயிலாத்தாள் மாரியம்மன் கோவிலுக்கு நடந்தாள். ஊர் அங்கேதான் கூடியிருந்தது, ஆளுக்கு ஆள் ஒரு கை தூரம் விட்டு.

"கம்பம் நட்டுறலாமுங்க" என்றாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் பங்குனியில் மாரியம்மன் நோன்புக்குக் கம்பம் நடுவார்கள். கவை உள்ள மரத்துக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை கட்டி, கோவில் முன்னால் நட்டுவிட்டால், பெண்கள் தினமும் குடத்தில் மஞ்சள் நீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். நோன்பு முடிந்து பூசாரி எடுக்கிறவரை, எந்த உத்தியோகத்தில் இருக்கிறவராக இருந்தாலும் அதன்மேல் கை வைப்பதில்லை.

"அது அடுத்த செவ்வாய்க்கிழமையில்ல?" என்றார் நாட்ராயன். "நேரங்காலம் வேண்டாமா?"

"என்ற வீட்டு மேல நிக்கறது நேரங்காலம் பார்த்தா வந்துச்சுங்க?"

"சரி. மரத்துக்கு எங்க போறது?"

"மரம் வேண்டாமுங்க. இரும்பே ஒம்பது இருக்குது."

தையல்காரர் தன் செருப்பைக் கவனமாகப் பார்த்தார்.

"என்ற வீட்ல இல்ல" என்றார் நாட்ராயன்.

"உங்க ஊட்டு மேல அது ரெண்டு சுத்து சுத்துச்சுங்களே."

"அது டிஷ்ஷைப் பார்த்துச் சுத்துச்சு."

"அந்த டிஷ்ஷு எது மேலங்க நிக்குது?"

கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். தும்மல்தானா என்று சொல்ல முடியாது. தெய்வானை முன்னால் வந்தாள்.

"ஏண்டி, உன்ற மகளுக்கு வேலை கிடைக்கறதுக்கு என்ற கோழி எந்திரிச்சுப் போகோணுமா? நாளைக்கோ நாளானைக்கோ குஞ்சு பொரிக்கற நேரம்!"

"உன்ற கோழிக்காகவுந்தான் சொல்றேன்" என்றாள் மயிலாத்தாள். "ஏட்டு மொதல்ல மேல பார்ப்பாரு. பொறவு கீழ பார்ப்பாரு. பொறவு பக்கத்துல பார்ப்பாரு. பக்கத்துல யாரு ஊடு?" பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "நான் ஒருத்தி கொண்டாந்து நட்டா அது திருட்டு. ஒம்பது பேரும் கொண்டாந்து நட்டா அது நோன்பு."

ஊர் இதை நெடுநேரம் யோசித்தது. இதிலும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்றே ஊருக்குப் பட்டது. ஆனால் என்ன சூழ்ச்சி என்று சொல்ல யாருக்கும் வரவில்லை. கடைசியில் நாட்ராயன், டிஷ் இல்லாமல் ராத்திரி சீரியல் பார்க்க முடியாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தார்.

பம்பை முழங்கியது. வெங்காயம் கொட்டப்பட்டது, ரவிக்கைகள் கழற்றப்பட்டன, கோழி முட்டைகளோடு ஒரு சோற்றுப் பானைக்கு மாறியது; ஒன்பது வீடுகளிலிருந்து ஒன்பது கம்பங்கள், உச்சி முதல் அடிவரை மஞ்சள் துணி சுற்றி, எண் பலகைகளின்மேல் வேப்பிலை அடர்த்தியாகக் கட்டி, தோளுக்கு ஒன்றாகத் தெருவுக்கு வந்தன. யாரும் யார் தோளையும் பார்க்கவில்லை. மயிலாத்தாள் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும், தட்டு கூரைக்கு மேலிருந்து கிளம்பி, தாய்ப்பசுவின் பின்னால் கன்று போவதுபோல, அவள் தலைக்கு மேலேயே வந்தது. மேய்ச்சல் காட்டில் எந்தக் குழி எந்தக் கம்பத்துக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பிடுங்கிய கைகளுக்கு அது மறக்கவில்லை.

ஒன்றாம் கம்பம் குழிக்குள் இறங்கி நேராக நின்றதுதான் தாமதம். தட்டு ஒருமுறை சாய்ந்து, வேப்பிலைக்குள் நுழைந்து, சங்கிலியில் மோதிச் சலங்கைபோல ஒலித்து, கூடைக்குள் விழுந்தது. அதே நேரத்தில் ஏட்டு மாசிலாமணியின் மோட்டார் சைக்கிள் வேலியோரம் வந்து நின்றது.

அவர் இறங்கவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே பார்த்தார். ஒன்பது கம்பங்கள். ஊருக்கு ஒரு கம்பம்தான் வழக்கம் என்பது அவருக்குத் தெரியும். ஸ்டேஷனில் ஒன்பது கம்பங்களைக் காணவில்லை என்று ஒரு புகார் இருப்பதும் தெரியும். கண்ணைச் சுருக்கினார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஒன்பதா?" என்றார்.

"இந்த வருஷம் அம்மன் கேட்டாளுங்க" என்றார் நாட்ராயன்.

"என்னைக்குக் கேட்டா?"

"இன்னைக்குத்தானுங்க."

ஏட்டு மஞ்சள் துணியின் கீழே தெரிந்த இரும்பைப் பார்த்தார், கையை நீட்டினார், வேப்பிலைக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கை நின்றது, பிறகு அதே கையால் மீசையைத் தடவிக்கொண்டார். "கோகிலவாணி வீடு எது?" என்று கேட்டார். "பக்கத்து வீட்டுக்காரங்க யாரு?"

பக்கத்து வீடு தெய்வானை வீடு. மறுபக்கம் மதில்.

தெய்வானை இரண்டாம் கம்பத்தின் முன்னால் மஞ்சள் நீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். ரவிக்கைத் தோளில் துருக்கறை இருந்தது.

"நானுங்க."

"அந்த வீட்டுப் பொண்ணு எப்படி? வீட்டு மேல ஏதாவது வழக்கு, வம்பு, திருட்டு கிருட்டு?"

தெய்வானை குடத்தை இறக்கிவைத்தாள். மயிலாத்தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நேற்றுவரை இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் அவள்.

"வம்பா? நெம்ப வம்புங்க" என்றாள். "அவ ஆத்தாளுக்கு வாய் நல்லதில்லீங்க. வேலியை என்ற பக்கம் தள்ளிப் போட்டவ. என்ற நாய்க்குச் சோறு வெச்சு அவ பக்கம் இழுத்துக்கிட்டவ." மூச்சு வாங்கிக்கொண்டாள். "திருட்டுன்னு கேட்டீங்கன்னா, இந்த ஊர்ல திருட ஒருத்தருக்கும் தெரியாதுங்க. புள்ள தங்கமுங்க. எழுதிக்கோங்க. கையெழுத்து எங்க போடோணும்?"

ஏட்டு மோட்டார் சைக்கிள் சீட்டின்மேல் தாளை வைத்தார். தெய்வானை ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். கோகிலவாணி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயிலாத்தாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாளை மடித்தபோது ஏட்டின் கண் வேப்பமரத்தடியில் நின்ற தொப்பிக்காரியிடம் போயிற்று. "இவங்க யாரு?"

காலையிலிருந்து ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அளக்க வந்தவள் என்று சொன்னால், எதை அளக்க என்று அவர் கேட்பார்.

"ஒறம்பரைங்க" என்றாள் மயிலாத்தாள். "நோன்புக்கு வந்திருக்கறாங்க."

"என்ன முறை?"

தெய்வானை திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு நாத்தனாருங்க" என்றாள். "மலேயாவுல கட்டிக் குடுத்தது. அவளுக்கும் எனக்கும் ஆகாது. எங்க யாரோடயும் ஒட்ட மாட்டா. அதனாலதானுங்க தட்டை வெச்சுக்கிட்டுத் தனியா வெளையாடறா."

ஏட்டு மெல்லத் தலையை ஆட்டினார். நாத்தனார் என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஊரில் யாருடைய காதிலாவது பொருத்தமாக விழுந்த முதல் விளக்கம் அதுதான்; கூட்டத்தில் நின்ற பலரும்கூட, அப்படியா சங்கதி என்று ரஞ்சிதமலரைப் புதிதாகப் பார்த்தார்கள். ஏட்டு செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ரஞ்சிதமலர் வேப்பிலைக்குள் கை விட்டுத் தட்டை எடுத்து, மஞ்சளைத் துடைத்து, "ரெண்டாவது எது?" என்று கேட்டாள். ஊர் அவள் கையிலிருந்து கண்ணை எடுக்காமலே, இரண்டு பக்கமும் விலகி நின்று வழி விட்டது.